கோக்காவிலிருந்து தாம்பூலப் பெட்டி

மும்பை பாஷையில் பேட்டி என்றால் லட்சம், கோக்கா என்றால் கோடி. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் எப்போதும் முப்பது கோக்கா கிடக்கும் என்று சொன்னால், இங்கே வளர்ந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் சொல்வது நிஜ கோக்கா, அட்டைப்பெட்டி. ஆன்லைனில் மிக்ஸி ஜார் வாங்கினால் அதோடு ஓசியில் வருமே, அது.

செம்பூரில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை. அதற்குள்தான் ஒவ்வொரு வருஷமும் கொலுவுக்குத் தாம்பூலப் பெட்டி செய்கிறேன். வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ், ரவிக்கைத் துணி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுக்கப் பணம் வரவில்லை. அட்டைப்பெட்டி அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது மாட்டுங்காவிலும் முலுண்டிலும் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள், சிலர் கற்றுக்கொள்ளவே வருகிறார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எந்த லேஸ் ஒட்டலாம், எந்தத் தாள் அழகாக இருக்கும் என்பதுதான். அதெல்லாம் கடைசி நாள் வேலை. பெட்டி நேராக நிற்க வேண்டும், மூடி உட்கார வேண்டும். அந்த இரண்டும் சரியாக வந்துவிட்டால் வெறும் பிரவுன் தாள் ஒட்டினால்கூடப் பெட்டி கம்பீரமாக இருக்கும். அவை சரியில்லை என்றால் காஞ்சிபுரம் பார்டரே வைத்தாலும் கோணல் கோணல்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி அட்டையையும் பசையையும் பற்றித்தான் இருக்கும்.

எந்த அட்டை தேறும்

வீட்டுக்கு வருகிற பிரவுன் பெட்டிகளில் பெரும்பாலானவை 3 பிளை. இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு நெளித்தாள். டிவி, வாஷிங் மெஷின் வருவது 5 பிளை, அதில் நெளி இரண்டு அடுக்கு. நம் வேலைக்கு 3 பிளை போதும், தடிமன் ஏறக்குறைய 3 மி.மீ. இருந்தால் உத்தமம். 5 பிளையைக் கட்டரால் நேராக வெட்ட முடியாது, விளிம்பு சாய்ந்துவிடும். கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டி, சோப்புப் பெட்டி போன்ற நெளியில்லாத மெல்லட்டைகளையும் தூக்கிப் போடாதீர்கள். அவை உள்ளே அடிப்பலகை போடுவதற்கு வேண்டும்.

உங்கள் அட்டையின் தடிமனை அளக்க ஒற்றை அட்டையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஏமாறுவீர்கள். பத்துத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அளந்து, பத்தால் வகுங்கள்.

வீட்டில் போதவில்லை என்றால் பழைய பேப்பர் கடைக்குப் போகலாம், இங்கே ரத்திவாலா. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். முதல் தடவை நான் பெரிதாக, கனமாக இருந்த பெட்டியை எடுத்தபோது தடுத்துவிட்டார். “யக்கா, அது நனைஞ்சு காஞ்சது. வெயிட்டு இருக்கும், உசுரு இருக்காது.” பெருவிரலால் அழுத்திக் காட்டினார், குழி விழுந்தது அப்படியே நின்றது. நல்ல அட்டை அழுத்தினால் லேசாக அமுங்கி மறுபடி எழும். இதைவிட நல்ல பரிசோதனை எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த ஊரில் பெட்டிக்கு மறுபிறவி புதிதில்லை. தாராவியில் பழைய கோக்காக்களைப் பிரித்து, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி மடித்து, பின் அடித்துப் புதுசு போலவே விற்கிற கூடங்கள் இருக்கின்றன. நாம் செய்வது அதே வேலையின் கொஞ்சம் பட்டுக் கட்டிய வடிவம்.

தள்ள வேண்டியவை: எண்ணெய் இறங்கிய ஸ்வீட் பெட்டி, பீட்சா பெட்டி, மீன் வாடை அடிக்கிற எதுவும். பளபளவென்று லேமினேஷன் போட்டதில் பசை பிடிக்காது. அந்த அட்டைதான் வேண்டும் என்றால் மேல்தாளை உப்புத்தாளால் தேய்த்து மினுக்கத்தைப் போக்க வேண்டும். முகவரி ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள். பிரவுன் டேப்பைப் பிய்த்தால் தாளும் கூடவே வரும், அதைச் சுற்றி வெட்டிவிடுவது மேல்.

பிரித்த அட்டைகளை ஒரு நாள் நல்ல வெயிலில் வையுங்கள், ஜன்னல் கிரில்லில் சாத்தினாலும் சரி. நெளிக்குள்ளே கரப்பான் முட்டை இருக்கும். நான் ஒரு தடவை சோம்பேறித்தனமாக வெயில் காட்டாமல் உள்ளே அடுக்கி, ஒரு மாசம் சமையலறையில் அனுபவித்தேன்.

ஓட்டம்

துணிக்கு நெடுக்கு, குறுக்கு இருப்பது போல அட்டைக்கும் உண்டு. நெளிகள் ஓடும் திசையை எங்கள் வீட்டில் ஓட்டம் என்போம். ஒரு துண்டைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் மடக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் பாயைச் சுருட்டுவது போல வளையும், மறுபக்கம் முரண்டு பிடித்து, மீறினால் மடாரென்று உடையும். முரண்டு பிடிக்கிற திசைதான் ஓட்டம்.

பெட்டியின் நான்கு சுவர்களுக்கும் ஓட்டம் செங்குத்தாக, மேலிருந்து கீழாக வர வேண்டும். நெளிகள் வரிசையாகத் தூண்கள் மாதிரி நின்று பாரம் தாங்கும். கடையில் வருகிற எந்தக் கோக்காவையும் பாருங்கள், நெளி நின்ற வாக்கில்தான் இருக்கும். படுத்த வாக்கில் சுவர் வெட்டினால் நடுவில் தொப்பை விழும். அடிப்பலகை 25 செ.மீ.க்கு மேல் நீளம் என்றால் இரண்டு அட்டைகளை, ஒன்று நெடுக்கு ஒன்று குறுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள். சின்னப் பெட்டிக்கு ஒன்றே போதும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நெளித்தாள் பெட்டிக்காகப் பிறந்ததே இல்லை. 1856இல் இங்கிலாந்தில் உயரத் தொப்பிகளுக்கு உள்பட்டையாக வைக்கத்தான் முதல் காப்புரிமை எடுத்தார்கள். 1871இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் பாட்டிலும் விளக்குக் கண்ணாடியும் உடையாமல் சுற்றி அனுப்ப அதைப் பயன்படுத்தினார். தொப்பிக்கும் கண்ணாடிக்கும் வளைய வேண்டும், நமக்கு வளையக் கூடாது. அதனால்தான் ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

பசை

அப்பா ஃபோர்ட் பக்கம் ஒரு பைண்டிங் பட்டறையில் கணக்குப் பேரேடு கட்டுகிறவர். பட்டறையில் மைதாப் பசைதான். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி மங்கலாக வரும்போது இறக்கி, ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் பசை தயார். பூச்சி வராமலிருக்கப் பட்டறையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில், அதுவும் வெற்றிலை வைக்கப்போகிற பெட்டியில், வேண்டவே வேண்டாம். துத்தம் இல்லாத பசையை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

மைதாப் பசையின் நல்ல குணம், மெதுவாகக் காயும். தாளை ஒட்டிய பிறகும் நகர்த்தி நேராக்க நேரம் கிடைக்கும். கெட்ட குணம், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. ஃபெவிகாலில் விருந்து இல்லை, ஆனால் அவகாசமும் இல்லை, சட்டென்று பிடித்துக்கொள்ளும். நான் சுவர்களை நிறுத்தத் தண்ணீர் கலக்காத ஃபெவிகால் போடுகிறேன். தாள் ஒட்டுவதற்கு இரண்டையும் பாதிக்குப் பாதி. புதிதாகச் செய்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வெட்டு

கட்டர், ஸ்டீல் ஸ்கேல், பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டம், பென்சில். இவ்வளவுதான் ஆயுதம். அடியில் வைக்கக் கட்டிங் மேட் இல்லையென்றால் இன்னொரு கோக்காவை விரித்துக்கொள்ளுங்கள். கிரானைட் மேடையில் வைத்து வெட்டினால் பிளேடு பத்தே நிமிஷத்தில் மழுங்கும். மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாது, பிய்க்கும். நுனியை அடிக்கடி ஒடித்துப் புது முனை எடுங்கள். ஒடித்த துண்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடி, டேப் ஒட்டிக் குப்பையில் போடுங்கள். குப்பை எடுக்க வருகிறவர் வெறும் கையோடு பொறுக்குகிறார்.

ஒரே இழுப்பில் வெட்ட நினைக்காதீர்கள், மூன்று இழுப்பு. முதல் இழுப்பு மேல்தாளை மட்டும் கீறட்டும், இரண்டாவது நெளியை, மூன்றாவது அடித்தாளை. பலமாக அழுத்தினால் கட்டர் ஸ்கேலை விட்டு ஓடும், பெரும்பாலும் இடது கட்டைவிரலை நோக்கித்தான் ஓடும்.

அளவு இதோ, 3 மி.மீ. அட்டைக்கு:

அடிப்பலகை ஒன்று, 20 × 15 செ.மீ.
நீளச் சுவர் இரண்டு, 20 × 8.3
அகலச் சுவர் இரண்டு, 15.6 × 8.3

அடிப்பலகையைச் சுற்றி நான்கு சுவர்களும் வெளிப்பக்கமாக நிற்கும். அதனால்தான் உயரத்தில் 8 உடன் அட்டையின் தடிமன் 0.3 சேர்கிறது. அகலச் சுவர், இரண்டு நீளச் சுவர்களின் முனையையும் மறைத்துக்கொண்டு நிற்கும், ஆகவே 15 உடன் இரண்டு தடிமன். உங்கள் அட்டை 4 மி.மீ. என்றால் 8.4, 15.8 என்று மாற்றிக்கொள்ளுங்கள். மூடியை இப்போது வெட்டக் கூடாது. காரணம் பிறகு.

சிலர் கேட்கிறார்கள், ஒரே அட்டையில் கோடு போட்டு மடித்தால் ஒட்டுகிற வேலை மிச்சம்தானே என்று. செய்யலாம். மடித்துச் செய்யும் பெட்டிக்கு ஒரு கதையே உண்டு. 1879இல் நியூயார்க்கில் ராபர்ட் கெயர் என்பவருடைய அச்சுக்கூடத்தில், காகிதப் பையை மடிக்க வைத்திருந்த உலோகத் தகடு நழுவி, மடிப்பதற்குப் பதில் பைகளை வெட்டிவிட்டது. அதைப் பார்த்துத்தான் வெட்டையும் மடிப்பையும் ஒரே அடியில் போடலாம் என்று அவருக்குத் தோன்றியது. மெல்லட்டைக்கு அது பிரமாதம். நெளி அட்டையைக் கையால் மடித்தால் மூலை உருண்டை தட்டும், மூடி சரியாக உட்காராது. அலங்காரப் பெட்டிக்கு மூலை கூராக இருந்தால்தான் அழகு, அதற்குத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதே வழி.

நிறுத்துவது

அடிப்பலகையின் ஒரு நீள விளிம்பில் ஃபெவிகாலைக் கோடாக இழுத்து, நீளச் சுவரை வெளிப்பக்கமாக ஒட்டி நிறுத்துங்கள். உள்ளே ஒரு சதுரமான பொருளை முட்டுக் கொடுங்கள். என் வீட்டில் அது பெருங்காய டப்பா. அடுத்து ஒரு அகலச் சுவர், பிறகு மற்ற இரண்டும். ஒவ்வொரு மூலையிலும் பிரவுன் தாள் பட்டையைப் பசை தடவி வெளியே ஒட்டுங்கள். செல்லோடேப் வேண்டாம், அதன்மேல் பிற்பாடு தாள் பிடிக்காது.

பசை காய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். பெட்டிக்குள் மூலைக்கு மூலை குறுக்காக ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். 20க்கு 15 என்ற அளவை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. பெட்டியின் மூலைகள் நான்கும் செங்கோணமாக நின்றிருந்தால் குறுக்களவு இரண்டு பக்கமும் மிகச் சரியாக 25 செ.மீ. வரும். ஒரு பக்கம் 25.3, மறுபக்கம் 24.7 என்று வந்தால் பெட்டி சாய்ந்திருக்கிறது. நீளமாக இருக்கிற மூலைகளை இரு கையாலும் மெதுவாக உள்நோக்கி அழுத்தி, இரண்டும் சமமாகும் வரை திருத்துங்கள். கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டி மூலை பார்ப்பது இந்தக் கணக்குதான். புதிதாகச் செய்கிறவர்களை நான் இந்த அளவிலேயே தொடங்கச் சொல்வது இதற்காகத்தான், அளவே ஆசிரியர் மாதிரி கூட நிற்கும்.

நான்கைந்து மணி நேரம் காயட்டும். பிறகு மேல் விளிம்பைப் பாருங்கள், நெளியின் துளைகள் தேன்கூடு மாதிரித் தெரியும். இதன்மேல் நேராக அலங்காரத் தாளைப் போட்டால் ஒவ்வொரு துளையும் பள்ளமாகத் தடவலில் தெரியும். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, வெட்டி அல்ல, கிழித்து, விளிம்புகளுக்கும் மூலைகளுக்கும் ஒரு அடுக்கு ஒட்டுங்கள். கிழித்த ஓரம் மெலிந்து கரைந்துவிடும், வெட்டிய ஓரம் வரி கட்டும். காய்ந்ததும் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. இந்தக் கட்டத்தில் பெட்டி கோரமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

தாள் உடுத்துவது

முதல் வருஷம் பதினோரு பெட்டி செய்தேன். ஜூலையில் செய்து, வெளியே அழகான சிவப்புத் தாள் ஒட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்தேன். நவராத்திரிக்கு எடுத்தால் மூடிகள் எல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. பக்கத்து வீட்டு மாமி ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது பெட்டியா படகா?” என்றார்.

மழைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் போனில் சொன்னதும் கேட்ட ஒரே கேள்வி: “உள்ளே ஒட்டினியா?” ஒட்டவில்லை. ஈரப்பசை பட்டால் தாள் விரியும், காயும்போது சுருங்கும். சுருங்கும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஒரு பக்கம்தான் இழுக்கும், பலகை வளையும். உள்ளேயும் ஒரு தாள் ஒட்டினால் இரண்டும் எதிரெதிராக இழுத்து அட்டை நடுவில் நிற்கும். பேரேட்டு அட்டையின் உள்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டுவது அழகுக்கு மட்டும் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அவர் மகளாக முப்பது வருஷம் இருந்த பிறகு. உள்ளே ஒட்டுகிற தாள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாம், ஏறக்குறைய அதே கனம் இருந்தால் போதும்.

இப்போது அளவு. வெளிச்சுற்று 72.4 செ.மீ. முனை ஒன்றன்மேல் ஒன்று ஏற 1.5 சேர்த்து 74 நீளப் பட்டை வேண்டும். அகலம் 12.5: சுவர் உயரம் 8.3, அடியில் மடிக்க ஏறக்குறைய 1.5, மிச்சம் மேலே உள்பக்கம் மடிக்க. கைக்காகிதம் பெரும்பாலும் 22க்கு 30 அங்குலத்தில் வரும். 30 அங்குலம் என்றால் 76 செ.மீ., ஒட்டில்லாமல் ஒரே பட்டையாகச் சுற்றிவிடலாம்.

தாளின் பின்பக்கம் முழுவதும் பசையை மெல்லிசாகத் தடவி ஒரு நிமிஷம் அப்படியே விடுங்கள், தாள் விரிந்து முடியட்டும். உடனே ஒட்டினால் அட்டைமேல் வைத்து விரியும், சுருக்கம் விழும். ஒரு அகலச் சுவரின் மூலையில் தொடங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டே போங்கள். பழைய பனியன் துணியை உருண்டையாக்கி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றிக் காற்றை வெளியேற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஈரத்தாள் தேய்த்தால் நைந்துபோகும். மூலைகளைக் கூராக்க ஸ்பூன் கைப்பிடியால், நடுவில் ஒரு துண்டுத் தாளை வைத்து, மெதுவாக அழுத்தி வாருங்கள்.

மேல்மடிப்பை உள்ளே திருப்புமுன் நான்கு மூலையிலும் கத்திரிக்கோலால் நேராகக் கீற வேண்டும். விளிம்பு வரைக்கும் கீறிவிடாதீர்கள். அட்டையின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 4 மி.மீ. போல, விட்டுக் கீறுங்கள். இதைத் தவறவிட்டால் மூலையில் அட்டை பல்லிளிக்கும், மறைக்கவே முடியாது. அடியில் மடிப்பதற்கு மூலைகளை V எழுத்து மாதிரி வெட்டி எடுத்துவிட்டால் மேடு தட்டாது. அதன்மேல் 20.2 × 15.2 அளவில் ஒரு தாள்.

உள்ளே சுவருக்கு 71 செ.மீ. நீளம், 7.7 அகலத்தில் ஒரு பட்டை. அடிக்கு நான் செய்வது: கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையை 19.7 × 14.7 வெட்டி, அதற்குத் தனியாகத் தாள் உடுத்தி, உள்ளே இறக்கி ஒட்டிவிடுவேன். உள்மூலையில் தாளைப் பொருத்தி மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ சுலபம், உள்ளே பார்த்தாலும் சுத்தமாக இருக்கும்.

மூடி

மூடியைக் கடைசியாக அளக்கச் சொன்னதற்குக் காரணம், தாள் உடுத்திய பிறகு பெட்டி கொஞ்சம் பருத்திருக்கும். காகிதத்தில் போட்ட கணக்கு அங்கே செல்லாது. முடிந்த பெட்டியை அளந்து, நீளத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. கூட்டினால் மூடியின் மேற்பலகை. 20.8 × 15.8 வந்திருந்தால் மூடி 21.1 × 16.1. சுவர் உயரம் 3.3 போதும்.

இதைவிடவும் நம்பகமான வழி, பெட்டியையே அச்சாக்குவது. பெட்டியின்மேல் பிளாஸ்டிக் கவரைப் போர்த்தி, அதைச் சுற்றி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பட்டையாக்கிக் கட்டுங்கள். அந்தத் தடிமன்தான் மூடிக்கு விடுகிற இடைவெளி. அதன்மேல் மூடியின் சுவர்களை நிறுத்தி ஒட்டி, காய்ந்ததும் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். மூடிக்கும் உள்ளும் புறமும் தாள், மறக்க வேண்டாம்.

சரியாக வந்த மூடியைப் பெட்டியின்மேல் வைத்துக் கையை எடுத்தால், அது தொப்பென்று விழாது, சிக்கியும் நிற்காது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வெளியேற, பெருமூச்சு விட்டபடி தானாக இறங்கும். அது இறங்கி முடிகிற அந்த இரண்டு விநாடிக்காகத்தான் நான் இந்த வேலையையே செய்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இறுகினால் உள்ளே ஒட்டிய தாளை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் மூடியின் உள்சுவரில் இன்னொரு அடுக்குத் தாள்.

அலங்காரம்

இதற்கு அதிகம் சொல்ல மாட்டேன், அவரவர் கண். எனக்குப் பிடித்த ஒன்று மட்டும். மூடிமேல் பென்சிலால் புள்ளி வைத்து ஒரு சின்னச் சிக்குக் கோலம் போட்டு, அந்தக் கோட்டின்மேல் சணல் நூலை ஃபெவிகாலால் ஒட்டிக் காயவிடுங்கள். அதற்குமேல் மெல்லிய தாளை நன்றாக ஈரமாக்கி உடுத்தி, நூலின் இரு பக்கமும் விரல் நகத்தால் அழுத்தினால் கோலம் புடைப்பாக எழும். ஒற்றை நிறத் தாளில்தான் இது எடுக்கும், பூப்போட்ட தாளில் கோலம் தொலைந்துபோகும். இதைச் செய்வதென்றால் மூடிக்கு மேல்தாள் போடுமுன்னே செய்ய வேண்டும்.

கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகை இருந்தால் மூடிச் சுவரைச் சுற்றி ஒட்டலாம். பட்டில் தண்ணீர்ப் பசை கறை விடும், துணியில் தடவாமல் பெட்டியில் ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவிப் பாதி காய்ந்ததும் வைத்து அழுத்துங்கள்.

சாமான் வாங்க மாட்டுங்காவிலிருந்து சென்ட்ரல் லைனில் ஏறி மஸ்ஜித் பந்தரில் இறங்கினால், அப்துல் ரஹ்மான் தெருவில் தாள், ஸ்டேஷனரி எல்லாம் மொத்த விலைக்கு. கொஞ்சம் நடந்தால் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் துணி, புலேஷ்வரில் லேஸும் பார்டரும். ஞாயிற்றுக்கிழமை போய் ஷட்டரைப் பார்த்துவிட்டு வராதீர்கள். முதல் பெட்டிக்கு எதுவும் வாங்காதீர்கள் என்பது என் யோசனை. கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர், பிரவுன் தாள், வீட்டிலேயே கிடைக்கும்.

மழை

மும்பைக்குப் பருவமழை வர வழக்கமான தேதி ஜூன் 11, விடைபெற அக்டோபர் 8 என்று வானிலைத் துறை கணக்கு வைத்திருக்கிறது. கொலு வேலை முழுக்க இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. முடிந்தால் ஏப்ரல், மே மாதத்திலேயே அட்டை வெட்டிப் பெட்டிகளை நிறுத்திவிடுங்கள். தாள் வேலையை மட்டும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மழையில் செய்துதான் ஆக வேண்டும் என்றால், நான்கைந்து மணி நேரக் காய்ச்சலை ஒரு நாளாகக் கணக்கிடுங்கள், ஒரு நாளை இரண்டாக. தாள் உடுத்திய தட்டைத் துண்டுகளைச் செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, செய்தித்தாளை நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். பெட்டிகளை ஃபேனுக்கு நேராக வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டால் அந்தப் பக்கம் முந்திக் காய்ந்து இழுக்கும். மூடியை மூடி வைக்காதீர்கள், உள்ளீரம் பூசணமாகும். நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்க உள்ளங்கையை வையுங்கள், குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வசம்பு போடுவேன், ராமபாணத்துக்கு. செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் சேர்த்து வைத்துப் போடுகிறேன். கொலுவுக்குக் கொடுக்கும் அன்று அவற்றை ஞாபகமாக எடுத்துவிடுங்கள். வெற்றிலையும் சுண்டலும் நேரடியாகப் பெட்டியில் படக் கூடாது. மறுசுழற்சி அட்டையில் பழைய அச்சு மையின் எண்ணெய்ச் சத்து இருக்கும், அது உணவில் இறங்கும். அடியில் வாழையிலை நறுக்கு, இல்லையென்றால் பட்டர் பேப்பர்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சாக்கில் கட்டித் தெருமுனைக் கடைக்கே கொண்டுபோகிறேன். எடை போட்டு, ஒரு டீ குடிக்கிற அளவுக்குக் காசு தருவார். பசை ஒட்டியதை மட்டும் சாக்கிலிருந்து பொறுக்கி எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார், அது வீட்டு உலர் குப்பைக்குப் போகிறது.